சொந்தப் பாவனைக்கு

யாத்விகா எனக்குக் கற்றுத்தந்த ஒரே ஜெர்மன் வசனம்:
"சொந்தப் பாவனைக்கு."

பன்னிரண்டு கிலோ வெண்ணெய்.
செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றிய நாற்பது முட்டை.
மழைக்கோட்டின் உள்மடிப்பில் தைத்த பைக்குள்
நூலில் கோர்த்த காய்ந்த காளான்.
சுங்கக்காரன் கேட்டால் எல்லாம் சொந்தப் பாவனைக்கு.
"இவ்வளவையும் ஒரு கிழமையில் தின்பாயா?"
"எனக்குப் பசி கூட" என்பாளாம்.

சுவரில் ஓட்டை விழுந்த குளிர்காலம் அது.
மேற்கு பெர்லினில், சுவரோரச் சேற்றுவெளியில்
காரின் பொனட்டே கடை.
கார் இல்லாதவர்களுக்கு ஒரு துண்டு பொலித்தீன்.
யாத்விகா, கொஷூவில் இரசாயனம் படிப்பிக்கிறவள்.
வெள்ளி கடைசி மணி அடித்ததும் பஸ் ஏறினால்
சனி விடிய இங்கே.
மாதச் சம்பளம் முழுக்க, மழை பெய்யாவிட்டால்,
மத்தியானத்துக்குள் கையில்.

எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை.
தாளில் முத்திரையே குத்தியிருந்தார்கள்.
விடுதியில் காசுக்குப் பதில் பொதி:
பாண், டின்மீன், அரைக் கிலோ காப்பித்தூள்.
நான் தேத்தண்ணிக்காரன்.
எங்கள் மாடியில் ஆறு அறையிலும் தேத்தண்ணிக்காரர்கள்தான்.
கட்டிலுக்கடியில் காப்பி குவிந்தது.

அப்படித்தான் தொடங்கியது.
ஒரு பொதி காப்பிக்கு நான் நாலு விரல் காட்டுவேன்,
அவள் மூன்று.
மூன்று கட்டி வெண்ணெய்க்கு மேல்
கொசுறாக ஒரு ஊறிய வெள்ளரிக்காய்,
சுள்ளென்று புளிக்கும்.
அரசாங்கம் எனக்கென்று அளந்து தந்த காப்பி
ஓடர் ஆற்றைத் தாண்டிப்போய்
அவளுடைய அதிபரின் கோப்பையில் ஆவி பறந்ததாம்.
எனக்கு அந்த நகர எல்லையைத் தாண்டவே கடிதம் வேண்டும்.

ஒரு பளிங்குக் கிண்ணம் மட்டும் விற்கவில்லை.
கல்யாணத்துக்கு வந்ததாம், புருஷன் போன பிறகு பாரமாம்.
நாலு சனிக்கிழமை கொண்டுவந்து கொண்டுபோனாள்.
இருபது மார்க்கில் ஒரு சதம் குறைக்க மாட்டாள்.

மாசியில் ஒருநாள் பொலிஸ் வான் வந்தது.
பொலித்தீன்கள் நாலு மூலையும் கூடி மூட்டையாயின.
என் கையில் கிண்ணத்தைத் திணித்துவிட்டு
பஸ் நின்ற பக்கம் ஓடினாள்.
ஒரு காலணி சேற்றில் நின்றுவிட்டது.
"உன்னுடையதா?"
"சொந்தப் பாவனைக்கு."
பொலிஸ்காரன் கிண்ணத்தைப் பார்த்தான், முத்திரையைப் பார்த்தான்.
"எதற்குப் பாவிப்பாய்?"
அதற்கு அவள் பதில் சொல்லித்தரவில்லை.
விட்டுவிட்டான்.

அடுத்த சனி
கிண்ணமும் காப்பியும் காலணியுமாகப் போய் நின்றேன்.
அவளுடைய இடத்தில் ஒருவன் ரேடியோ வால்வு விற்றான்.
பிடிபட்டு வேலை போயிற்று என்றான்.
பக்கத்துக்காரி, இல்லை,
போஸ்னானில் சொந்தக் கடை போட்டுவிட்டாள் என்றாள்.
கோடையில் அந்த வெளிக்கு வேலி அடித்தார்கள்.

இப்போது என்னிடம் கடவுச்சீட்டு இருக்கிறது, பழைய ஓப்பல் இருக்கிறது.
மாதமொருமுறை கியூஸ்ட்ரின் பாலம் கடந்து
பெட்ரோலுக்கும் சிகரெட்டுக்கும் போகிறேன்.
முன்னும் பின்னும் ஜெர்மன் பென்ஷன்காரர்கள்,
முடிவெட்டவும் பல் கட்டவும் தோட்டத்துக் குள்ளப்பொம்மை வாங்கவும்.
டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில்,
துவாய் சுற்றிய கிண்ணம்.
கொஷூ இன்னும் முக்கால் மணித்தியாலம்தான்.
ஒருநாளும் போகவில்லை.
இருபது மார்க் கடன்; அந்தக் காசே செல்லாமல் போய்விட்டது.

போன கிழமை, திரும்பும் வழியில்
சுங்க வான் ஓரங்கட்டச் சொன்னது.
என் மகள் வயதுக்காரி. சிகரெட்டை எண்ணினாள், அளவுக்குள்தான்.
துவாயை அவிழ்த்தாள்.
"இது கொண்டுவருவதா, கொண்டுபோவதா?"

வாயில் வந்தது அந்தப் பழைய வசனம்.

அவள் தலையைச் சாய்த்தாள்.
"மறுபடி சொல்லுங்கள்."
சொன்னேன்.
"ஜெர்மனை எங்கே படித்தீர்கள்?
உச்சரிப்பு அப்படியே போலந்துக்காரி மாதிரி" என்று
சிரித்தபடி
துவாயை, நான் சுற்றியதைவிட இறுக்கமாக,
திரும்பச் சுற்றித் தந்தாள்.